நண்டைப் பார்த்தபின் நண்டுப் புத்தகம்

மகளே, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் முன்பள்ளி ஆசிரியையாகச் சேரப் போகிறாய் என்று உன் உம்மா சொன்னா. கதைப் புத்தகங்களோடு கடல், மழை, உயிரினங்கள் பற்றிய படப் புத்தகங்களையும் எடுத்து வைத்திருக்கிறாயாம். சந்தோசம். சின்னப் பிள்ளைகளோடு என் காலம் போனது. அந்த உரிமையில் சில சொல்கிறேன், கேள்.

1. புத்தகத்தை முதல்நாள் இரவு நீ தனியாக வாசி. நம் கைக்கு வரும் படப் புத்தகங்கள் பல குளிர்நாட்டில் பிறந்தவை. அங்கே பனி கொட்டும், இலை சிவக்கும். நமக்கோ வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுத்தான் காலம் சொல்லும். ஆனாலும் "இதெல்லாம் இங்கே இல்லை" என்று முந்திச் சொல்லிவிடாதே. அப்படி ஒருவர் சொன்ன மறுநாள், ஒரு சின்னவன் சிவந்த நாட்டு வாதுமை இலையைக் கொண்டுவந்து நீட்டினான். உதிரும் முன் அந்த மரத்தின் இலை சிவக்கும். தினமும் அதன் கீழே நடந்த பெரியவர்கள் அதைக் கவனித்ததே இல்லை.

2. முடிந்தால் பொருளை முதலில் காட்டு, புத்தகத்தைப் பிறகு திற. களப்போரம் கூட்டிப்போய்க் கண்டல் மரத்தைக் காட்டு. மற்ற விதைகள் மண்ணில் விழுந்து முளைக்க, கண்டல் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே நீளமாக முளைவிட்டுவிடும். சேற்றில் மூச்சுக் கிடைக்காதென்று வேர்கள் கால் ஊன்றி மேலே நிற்கும். இதைத் தொட்டுப் பார்த்த பிள்ளை படத்தை வாசிக்கும் விதமே வேறு. படத்தில் தவறு இருந்தால் அதுவே கண்டுபிடிக்கும். கண்டுபிடித்தால் பாராட்டு; புத்தகத்தில் இருக்கிறதே என்று அதன் வாயை அடைக்காதே.

3. வளைக்குள் இருந்து எடுத்த நண்டைப் பார்த்து முடிந்ததும் அதே வளையின் வாயில் விடச் சொல். போத்தலில் அடைத்துக் கொண்டுவர விடாதே. அறிவு வளரும்போது இரக்கமும் கூடவே வளரட்டும்.

4. தெரியாததைத் தெரியாதென்று சொல். நீலத்திமிங்கலப் புத்தகம் காட்டும் நாளில் முப்பது மீற்றர் கயிறு ஒன்றை முற்றத்தில் நீட்டிப் போடு. பெரிய நீலத்திமிங்கலம் அவ்வளவு நீளம். அது தின்பதோ நம் கூனியைப் போன்ற சின்ன உயிர்களை. 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் நம் திருகோணமலைக் கடலில் திமிங்கலங்களைத் தேடிப் பார்த்தார்கள். கரைக்குப் பக்கத்திலேயே கடலடிப் பள்ளம் ஆழமாக இறங்குவதால் அவை இவ்வளவு கிட்ட வருகின்றன. உலகின் மற்றக் கடல்களில் நீலத்திமிங்கலங்கள் பல இரை தேடிக் குளிர்கடலுக்குப் போகும்போது, இந்தப் பக்கத்தவை பெரும்பாலும் சூடான கடலிலேயே தங்கிவிடுகின்றன. ஏன் என்று ஒரு பிள்ளை கேட்கும். விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், நீயும் தேடலாம் என்று சொல். அந்தப் பதில் பிள்ளையைச் சிறிதாக்காது.

5. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி ஒருவர் இராவணன் கதை சொல்வார். கதையை இகழாதே, சொன்னவரையும் இகழாதே. ஆழத்தில் பாறைச் சூட்டில் காய்ந்த நீர் மேலே வருகிறது என்பதை அதன் பக்கத்தில் வைத்துச் சொல். கிணற்றுக்குக் கிணறு சூடு வேறுபடுவதைக் கைவைத்துப் பார்க்க விடு.

6. இதை நிதானமாகக் கேள். 2021 நவம்பர் 23 அன்று நம் ஊரில் ஆட்களை ஏற்றிக் கடக்கும் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளை இழந்தோம். நீ படிப்பிக்கும் பிள்ளைகளில் அந்த வீட்டுப் பிள்ளைகளும் இருக்கக்கூடும். மிதப்பது, அமிழ்வது என்ற பக்கத்தைச் சும்மா திறந்துவிடாதே. முதலில் வீட்டாரோடு பேசு. அழும் பிள்ளைக்கு விளக்கம் வேண்டாம், பக்கத்தில் இரு. ஆனால் அந்தப் பக்கத்தை வருடக்கணக்கில் மூடியும் வைக்காதே. 2004 சுனாமி அன்று தாய்லாந்தின் ஒரு கரையில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி, இரண்டு வாரத்துக்கு முன் வகுப்பில் படித்ததை நினைத்துக் கடலின் மாற்றத்தை அடையாளம் கண்டு சொன்னாள். அந்தக் கரையில் நின்றவர்கள் தப்பினார்கள். கிண்ணியாவில் கடல் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று உனக்கே தெரியும். தண்ணீரை அறிவது நம் பிள்ளைகளுக்கு வெறும் பாடமல்ல.

7. புத்தகம் வாங்கக் காசில்லை என்று நின்றுவிடாதே. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்கள் இலவசமாக இருக்கின்றன; அச்சிட்டும் கொள்ளலாம். அழுக்குக் கையோடு புரட்டட்டும், கிழிந்தால் ஒட்டு.

8. பிறகு நீங்களே ஒன்று செய்யுங்கள். கொமெனியஸ் என்ற கல்வியாளர் 1658இல் பிள்ளைகளுக்காக வெளியிட்ட படப் புத்தகம், எழுத்தைச் சொல்லித்தரக் காகம் கரைவதிலிருந்து தொடங்கியது. உங்கள் முற்றத்திலும் காகம் இருக்கிறது. பிள்ளைகள் வரையட்டும், நீ அடியில் எழுது. வாப்பாமார் தோணியில் கொண்டுவரும் மீன்களின் பெயரை அவர்களிடமே கேட்டு எழுது, ஊர்ப்பெயரை மாற்றாதே. வரைந்த பிள்ளையின் பெயரையும் ஒவ்வொரு பக்கத்திலும் போடு.