நிழற்படமும் நல்லிணக்கமும்

கொழும்புக் கொச்சிக்கடையிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் கருங்கல்லால் அமைப்பித்த பொன்னம்பலவாணேசுவரமும் புனித அந்தோனியார் திருத்தலமும் அயலயலே விளங்குகின்றன. அந்தோனியார் சந்நிதியிற் கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தரும் மெழுகுதிரி ஏற்றுவர். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி அங்கு குண்டு வெடித்தபின், அயலாரை ஐயுறும் அச்சம் நகரெங்கும் பரவிற்று. அவ்வையத்தைத் தணிக்க நிழற்படம் உதவுமோ?

உதவும் என்பதற்குச் சான்றொன்று காட்டுவாம். மானிடவியலறிஞர் மாலதி டி அல்விஸ், நிழற்படக் கலைஞர் ஷார்னி ஜயவர்தன ஆகிய இருவரும், தமிழர் கண்ணகி என்றும் சிங்களவர் பத்தினி என்றும் போற்றும் தெய்வத்தின் வழிபாட்டை இரு சமூகத்தாரிடத்தும் சென்று படமாக்கி, மும்மொழி விளக்கத்துடன் காட்சிக்கு வைத்தனர். கண்ணகியைப் பாடநூலில் மட்டும் அறிந்த நம் மாணவர், சிங்களத் தாயொருத்தி அவளைத் தொழுவதைப் படத்திற் காணின், அத்தாயை அந்நியள் என எண்ணார்.

ஆயினும் கருவி மட்டும் நம்பிக்கையைத் தாராது. எடுக்கும் முறையே தரும். மாணவர் முதலில் இசைவு பெறுக. படத்தின் விளக்கத்தை உரியவரிடமே கேட்டு எழுதுக. பிரதியொன்றை அவர் கையிற் கொடுக்க மீண்டுஞ் செல்லுக. அவ்விரண்டாஞ் செலவிலேயே நட்புத் தொடங்கும். பழைய மாணவர் இம்முயற்சிக்குத் துணைநிற்பாராக.