அவருக்கு அடிதடி, எனக்குக் குடும்பக் கதை

கேள்வி: படம் பார்க்க உட்கார்ந்தால் என் கணவர் சண்டைப் படம் கேட்கிறார், எனக்குக் குடும்பக் கதை வேண்டும். இருவருக்கும் ஒத்துவரும் படம் உண்டா?
– வாசகி, சுங்கைப்பட்டாணி

பதில்: உண்டு, நம் மலேசியாவிலேயே. முதலில் சஞ்சை குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015) பாருங்கள். 1990களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், அப்போய் என்ற சுட்டிப் பையன், படி படி என்று அடிக்கும் அப்பா, குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா. அடிதடி இருக்கிறது, ஆனால் ஒவ்வோர் அடியும் வீட்டுக்குள் வந்து விழுகிறது. ரப்பர்த் தோட்டங்கள் கைமாறி, லயத்து வீட்டைக் காலி செய்து சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் வந்தவர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டாம். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவின் சிறந்த மலேசியப் படம் இதுதான். ஒரு தமிழ்ப் படத்துக்கு அந்த விருது கிடைத்ததில் எனக்கு இன்றும் பெருமை.

சிரிக்க வேண்டிய நாளுக்கு 'வெடிகுண்டு பசங்க' (2018). இயக்கியவர் விமலா பெருமாள், நாயகன் அவர் கணவர் டெனிஸ் குமார். சென்னைப் பேச்சைப் போலி செய்யாமல் நம் பேச்சிலேயே நகைச்சுவை வருவது இதன் பலம். மலேசியாவில் நடக்கும் ரஜினி படமான 'கபாலி'யை உங்கள் கணவர் ஏற்கெனவே பார்த்திருப்பார். இந்த வாரம் அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.