நக்கிள்ஸ் மலை ஏறும் முன் முன்சில்லின் நக்கிளைப் பாருங்கள்

பழைய லாண்ட் குரூஸரின் முன்சில்லுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் வழவழப்பான இரும்புப் பந்து ஒன்று தெரியும். அதன் மேல் மெல்லிய கிறீஸ் படலம் இருந்தால் கவலையில்லை. கறுப்புக் கஞ்சி வழிந்து டயரின் உட்பக்கத்தை நனைத்திருந்தால் உள்ளே ஒரு சீல் போய்விட்டது என்று பொருள்.

கொழும்பில் இந்தக் கஞ்சியைத் துடைத்துத் துடைத்தே ஓட்டுபவர்கள் குறைவில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் 60, 70, 80 தொடர் லாண்ட் குரூஸர்களையும் ஹைலக்ஸ்களையும் பழுது பார்த்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. ஹுன்னஸ்கிரியவில் திரும்பி, கோபெட்ஸ் கேப் தாண்டி மீமுரேக்கு இறங்கும் பாதையில் அவை இன்றும் ஓடுகின்றன. மடக்கிய கையின் மொழிகளைப் போலத் தெரிவதால் அந்த மலைத்தொடருக்கு ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தனர். அந்த இரும்புப் பந்தின் மேல் சில்லைத் திருப்பும் மூட்டுக்கும் அதே பெயர்தான்.

உள்ளே நடப்பது இதுதான். நக்கிள், மேலும் கீழுமாக இரண்டு ட்ரனியன் பெயாரிங்குகளில் கதவுப் பிணைச்சல் போலத் திரும்புகிறது. அதன் நடுவே உள்ள அறையில், திரும்பிய சில்லுக்கும் அக்சிலின் சுழற்சியைக் கடத்தும் பேர்ஃபீல்ட் மூட்டு கிறீஸில் மூழ்கியபடி சுழல்கிறது. டிஃபரன்ஷியல் ஒயிலை இந்த அறைக்குள் விடாமல் தடுப்பது அக்சில் குழாயின் முனையில் இருக்கும் சின்ன உள்சீல். அது தேய்ந்தால் ஒயில் கசிந்து கிறீஸைக் கரைக்கிறது. கரைந்த கிறீஸ் வெளியே வழிகிறது, பெயாரிங் வறள்கிறது. ஆகவே வெளியே தெரியும் வைப்பர் சீலை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

முதலில் நோய் எது என்று உறுதி செய்ய வேண்டும். முன்சில்லை ஜக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் குற்றம் சில்லுப் பெயாரிங்கில், நிற்காவிட்டால் ட்ரனியனில். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல ஓட்டும்போது 'டக் டக்' என்றால் பேர்ஃபீல்ட் தேய்ந்திருக்கிறது.

சாமான் வாங்கப் பஞ்சிகாவத்தை இருக்கிறது. கொட்டாஞ்சேனைக்காரருக்கு அது கூப்பிடு தூரம். வெள்ளவத்தையிலிருந்து வருபவர்கள் காலி வீதி நெரிசலைத் தாண்ட வேண்டும். சீல், கெஸ்கட், ட்ரனியன் பெயாரிங் எல்லாம் ஒரே கிட்டாகக் கிடைக்கும். கிட்டின் விலையைவிடப் பெயாரிங்கில் பொறித்திருக்கும் பெயரைப் பாருங்கள்; டொயோட்டா தொழிற்சாலையில் பொருத்திய கோயோ போன்றவற்றையே கேட்டு வாங்குவது நல்லது. மொலிப்டினம் கலந்த கிறீஸ், 54 மில்லிமீற்றர் சொக்கெட், கொக்கித் தராசு ஆகியவையும் தேவை.

பின்சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்து, அக்சிலை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜக்கை நம்பி அடியில் கை விடக் கூடாது. பிரேக் கலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் பாரம் விழக் கூடாது. அக்சில் நுனியின் வளையத்தை எடுத்து, ஃபிளாஞ்சைப் பித்தளைத் துண்டால் தட்டினால் கூம்பு வாஷர்கள் துள்ளி வெளியே வரும். பிறகு ஹப், ஸ்பிண்டில். பேர்ஃபீல்டின் தட்டையான பக்கங்களை மேலும் கீழுமாக வைத்து அக்சிலை நேராக இழுங்கள்.

ட்ரனியன் மூடிகளைக் கழற்றும்போது கவனம் முழுவதும் ஷிம்கள் மேல் இருக்கட்டும். தாள் போன்ற அந்த உலோகத் தகடுகள்தான் பெயாரிங்கின் இறுக்கத்தையும் நக்கிளின் மையத்தையும் தீர்மானிக்கின்றன. இடது மேல், இடது கீழ், வலது மேல், வலது கீழ் என்று தனித்தனிப் பைகளில் எழுதி வையுங்கள். வைப்பர் சீலின் றப்பர், ஃபெல்ட், இரும்பு வளையம் எந்த வரிசையில் இருந்தன என்பதைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மண்ணெண்ணெயும் பொறுமையும். பழைய கஞ்சி துளியும் மிஞ்சக் கூடாது. மரைன் டிரைவ் ஓரம் நிறுத்தும் வாகனங்களில் உப்புக்காற்று பந்தின் மேற்பரப்பை அரித்திருக்கலாம். குழி ஆழமாக இருந்தால் எந்தப் புதுச் சீலும் அதில் கிழிந்துபோகும். பேர்ஃபீல்டில் தேய்மானம் குறைவென்றால் இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடலாம். தேயாத பக்கம் சுமையை ஏற்கும்.

இனித் திரும்பக் கட்டுவது. பெயாரிங்கின் வெளி வளையங்களையும் புதிதாகவே போடுங்கள். உள்சீலைப் பழைய பெயாரிங் வளையம் ஒன்றை வைத்து நேராக இறக்கி, உதட்டில் கிறீஸ் பூசுங்கள். பழைய ஷிம்களோடு நக்கிளை மாட்டியதும், வைப்பர் சீலை இறுக்காமல், டைரொட்டை இணைக்காமல், ஸ்டியரிங் கையின் துவாரத்தில் கொக்கித் தராசைக் கோத்து இழுங்கள். 80 தொடருக்கு நக்கிள் நகரத் தொடங்கும்போது 3 முதல் 5.5 கிலோ காட்ட வேண்டும். மற்றத் தொடர்களுக்கு அந்தந்தக் கைநூலின் அளவே கணக்கு. பல கராஜ்களில் 'கை சொல்லும்' என்று இதைத் தாண்டிவிடுகிறார்கள். வேகத்தில் ஸ்டியரிங் உதறுவதற்கு இந்த அளவு தவறுவதும் ஒரு காரணம்.

அறையை முக்கால் பங்கு மொலி கிறீஸால் நிரப்பி, அக்சிலை உள்ளே விடும்போது அதன் பாரம் உள்சீலின் உதட்டில் சாயவே கூடாது. இருவர் பிடித்துச் செய்தால் நல்லது. ஒரு கணச் சறுக்கல் போதும், முழு வேலையும் மறுபடி. சில்லுப் பெயாரிங்கின் உள்நட்டை 80 தொடரில் சுமார் 60 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, ஹப்பைச் சுழற்றி, தளர்த்தி, பிறகு 5 நியூட்டன் மீற்றர் அளவுக்கு மீண்டும் பிடிக்க வேண்டும்.

பழைய லாண்ட் ரோவர் சீரீஸ் வைத்திருப்பவர்களுக்குச் சில வேறுபாடுகள் உண்டு: அங்கே மேற்பக்கம் பெயாரிங்குக்குப் பதில் ரெயில்கோ புஷ், பந்துக்குள் நிரப்பச் சொன்னது கிறீஸ் அல்ல, ஒயில்.

கடைசியாக டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாயை ஊதிப் பாருங்கள். அது சேற்றால் அடைத்திருந்தால், சூடேறும் காற்று வெளியேற வழியில்லாமல் புதுச் சீலையும் தாண்டி ஒயிலைத் தள்ளும். சுமார் 500 கிலோமீற்றர் ஓடியதும் ஸ்டியரிங் கை நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அவை தளர்ந்தால் ஸ்டட் முறிந்து, திருப்பிய பக்கம் சில்லு போகாது.