மனநிறைவும் அன்றாட உழைப்பும்



இடுக்கி மாவட்டத்து ஏலமலையில் உள்ளது சக்குபள்ளம். அப்பகுதித் தோட்டங்களில் பாடுபடுவோரில் தமிழர் பலர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வைகறையில் ஜீப்பேறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலைக்குச் சென்று, மாலையில் இல்லம் திரும்புவோரும் அவர்களுள் உளர். நாளும் ஒரே வழி, ஒரே வேலை என்றிருக்கும் வாழ்வில் மனநிறைவு எங்ஙனம் உண்டாகும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

மனநிறைவைப் பாலி மொழியில் 'சந்துட்டி' என்பர். மங்கள சூத்திரம் கூறும் மங்களங்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் இச்சொல்லைக் கேட்டதும் நம்மவருக்கு ஐயம் எழுதல் இயல்பே. 'பிறப்பால் உனக்கு விதித்தது இவ்வளவே. அடங்கியிரு' என்று நம் முன்னோரிடம் கூறப்பட்டதன்றோ? ததாகதர் போதித்தது அதுவன்று. அவர் பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்பதை மறுத்தவர். சிகாலோவாத சூத்திரத்தில், வலிமைக்கேற்ற வேலை, உணவும் ஊதியமும், நோயுற்றபோது பராமரிப்பு, உரிய காலத்தில் ஓய்வு ஆகியவற்றை வேலை கொடுப்போரின் கடமைகளாக வகுத்தவரும் அவரே. ஆகவே மனநிறைவு என்பது பேராசையை விடுதலேயன்றி உரிமையை விடுதலன்று. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்று நடத்திய அண்ணல் அம்பேத்கரே, 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார் என்பதை நினைவிற் கொள்வோம்.

இனி, பயிற்சியைக் காண்போம். ஏலச்செடியின் காய்கள் தரையை ஒட்டிய சரங்களில் உண்டாகின்றன. அவை ஒருங்கே முற்றுவதில்லை; ஆதலால் குனிந்தும் அமர்ந்தும் முற்றியதை மட்டும் தேர்ந்து பறித்து, சில வாரங்கள் கழித்து அதே செடிக்கு மீண்டும் வரவேண்டும். சதிபட்டான சூத்திரமோ நடத்தல், கைகால்களை மடக்கல், நீட்டல் ஆகிய செயல்களையும் விழிப்புடன் செய்யப் பணிக்கிறது. கை காயிலிருக்க, மனம் கடனிலும் பகையிலும் அலையுமாயின் களைப்பு இரட்டிக்கும். மனமும் கையோடிருப்பின், அந்த நாழிகை நமக்கே உரியதாகும்.

வேலையே இல்லாத காலத்தில் என் செய்வது? 2020 மார்ச்சில் ஊரடங்கால் மாநில எல்லை அடைபட்டபோது, நாடோறும் மலையேறியோர் வீட்டில் முடங்க நேர்ந்தது. அத்தகையோரிடம் வெறும் உபதேசம் கூறல் தகாது. ஆளவி என்னும் ஊரில், காணாமற்போன எருதைத் தேடிக் களைத்து வந்த ஏழை உழவனுக்கு முதலில் உணவளிக்கச் செய்து, பின்னரே பகவான் அறமுரைத்தார் என்பது தம்மபத உரை கூறும் வரலாறு. தம்மபதத்தின் சுகவர்க்கத்தில் பசியின் கொடுமையைக் கூறும் பாட்டிற்கு அடுத்த பாட்டிலேயே மனநிறைவின் சிறப்பு கூறப்படுவதும் கருதத்தக்கது. பசித்த அயலாருக்கு ஒரு பிடி அரிசி பகிர்தல், வேலையற்ற பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தல் இவையும் நற்செயல்களே. கூலி நின்றாலும் சீலம் நிற்பதில்லை. ஆதலின் வேலையிழந்தவர் தம் மதிப்பை இழந்தவராகார்.

இவ்வாரப் பயிற்சி: காலையில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுக. பகலில் ஒரு நாழிகையேனும் செய்யும் செயலில் மனத்தை நிறுத்துக. இரவில், 'இன்று நாம் விட்ட ஆசை யாது? பிறர்க்குச் செய்த நன்மை யாது?' என வினவுக. இவ்விரண்டிற்கும் விடை கிடைக்கும் நாள், கூலி பெற்ற நாளாயினும் பெறாத நாளாயினும், வீணான நாளன்று.