ஊர் மாறினாலும் ஓடும் ஸ்கிரிப்ட்!

ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் கார் செய்த பெருங்களத்தூர் இடத்தில், இப்போது ஸ்ரீராம் கேட்வே ஐடி வளாகம். அங்கே பகலில் ஆபீஸ் மெஷின், ராத்திரி வீட்டு லேப்டாப் என்று மாறி மாறி உட்காரும் நண்பர்களே, கோடு எழுதித் தரும் ஸ்கிரிப்ட் உங்களிடமும் ஒன்று இருக்குமே! அதில் ஃபைல் பாத்தைச் சமாளிக்கச் சில குறிப்புகள்.

1. ஸ்கிரிப்ட் உருவாக்கும் ஃபைலின் தலையில் முழு பாத்தையும் அச்சடிக்க வேண்டாம். ஆளுக்கு ஆள் ஹோம் ஃபோல்டர் வேறு என்பதால், உள்ளே எதுவும் மாறாத ஃபைல்கூட மாறியதாகவே கிட் காட்டும். புராஜெக்ட் ரூட்டில் தொடங்கும் பாத் போதும். உங்கள் யூசர்நேமும் ஊர் சுற்றாது.

2. அந்த ரூட்டையும் கையால் டைப் செய்யாதீர்கள். ஸ்கிரிப்ட் ஃபைல் இருக்கும் இடத்தை வைத்தே கண்டுபிடிக்கச் சொன்னால், எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டினாலும் ஓடும்.

3. பைத்தானில் முன்பகுதியை வெட்ட 'எல்ஸ்ட்ரிப்' பக்கமே போகாதீர்கள். 'மரம்/மரபு' என்பதில் 'மரம்/' மட்டும் போகட்டும் என்று கேட்டால், அந்த எழுத்துகள் வருகிற வரைக்கும் ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டு வெறும் 'பு'வை மிச்சம் வைக்கும்! 2020-இல் வந்த 3.9 பதிப்பிலிருந்து 'ரிமூவ்பிரிஃபிக்ஸ்' இருக்கிறது, கேட்டதை மட்டும் வெட்டும்.

4. ஒரு ஃபைல் 'படம்' ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்கும்போது, கடைசி சாய்கோட்டையும் சேர்த்தே பாருங்கள். இல்லையென்றால் 'படம்2'வில் இருப்பதும் கூடவே நுழைந்துவிடும்.

5. இரண்டு பாத்தை 'ஜாயின்' செய்யும்போது, இரண்டாவது துண்டு சாய்கோட்டில் தொடங்கக் கூடாது. தொடங்கினால் பைத்தான் முதல் துண்டைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும்.

6. விண்டோஸில் ஓட்டினாலும், உருவாகும் கோடில் முன்சாய்கோடுதான் எழுத வேண்டும். பின்சாய்கோட்டை அப்படியே சி ஸ்டிரிங்கில் போட்டால், அடுத்து 'என்' வரும் ஃபோல்டர் பெயர் புது வரியாகிவிடும்.

7. கம்பைலர் தானாகச் சேர்க்கும் பாத்தை வெட்டத் தனி ஸ்கிரிப்ட் எதற்கு? ஜிசிசி 8-இல் (2018) 'ஃபைல் பிரிஃபிக்ஸ் மேப்', கோ 1.13-இல் (2019) 'ட்ரிம்பாத்' வந்தாயிற்று. இரண்டும் இலவசம்தானே!

8. பழைய ஃபைலோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் எழுதச் சொல்லுங்கள். சும்மா எழுதினால் தேதி மாறும். மேக் அந்த ஃபைலைச் சார்ந்த எல்லாவற்றையும் திரும்பக் கம்பைல் செய்யும்.

9. செக்-இன் செய்யும் முன், புராஜெக்டை வேறு பெயருள்ள இன்னொரு ஃபோல்டரில் காப்பி செய்து ஸ்கிரிப்ட்டை ஓட்டி, இரண்டு விளைவையும் 'டிஃப்' போடுங்கள். ஒரு வரி வித்தியாசம் வந்தாலும் எங்கோ வீட்டு முகவரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தேடி எடுத்துவிட்டே அனுப்புங்கள்.