சாமைச் சோறும் டீ கிளாஸ் வயிறும்

போன டிசம்பரில் எங்கள் டிபார்ட்மென்ட்டில் இருந்து காவலூர் வானாய்வகத்துக்கு ஒரு ட்ரிப் போனோம். வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறும் ரூட். 2.34 மீட்டர் விட்டம் கொண்ட வைனு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்த கதையை வேறு யாராவது எழுதுவார்கள். நான் எழுத வந்தது அதற்கு அடுத்து ஜமுனாமரத்தூரில் நடந்தது.

எங்களோடு ஃபைனல் இயர் சீனியர் அண்ணா ஒருவர் வந்திருந்தார். பேர் போட வேண்டாம், விஷயத்தை மட்டும் எழுது என்று சொல்லித்தான் அனுமதி கொடுத்தார். ட்ரிப்புக்கு எட்டு மாசம் முன்னாடி அவருக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. 21 வயசிலேயே சர்க்கரை, அதோடு ராத்திரி தூங்கவிடாத நெஞ்செரிச்சல். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் "அண்ணா செமையா இளைச்சுட்டாரு" என்பது மட்டும்தான்.

ஜமுனாமரத்தூரில் மலைத்தேன் வாங்கினோம். என் கிளாஸ்மேட் ஒருத்தன் மூடியைத் திறந்து, "அண்ணா, ஒரே ஒரு ஸ்பூன். சர்க்கரை இல்லண்ணா, நேச்சுரல்" என்று நீட்டினான். அவர் வேண்டாம் என்றார். நாங்க ஏழெட்டுப் பேர் சுத்தி நின்னு "அண்ணா, அண்ணா" என்று கத்தினோம். சாப்பிட்டார். ஒரு ஸ்பூன் இல்லை, நாலு. பதினைந்து நிமிஷத்தில் முகம் வெளுத்து, சட்டை வியர்வையில் நனைந்து, நெஞ்சு படபடக்க ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிசைந்தது, பேதியும் ஆனது. ஒரு மணி நேரம் பஸ் நின்றது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தோம். அவர்தான் கையைக் காட்டி, "டம்பிங்டா. கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்றார்.

அந்த வார்த்தையைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். இந்தியாவில் இப்போது அதிகம் நடப்பவை இரண்டு வகை. ஒன்று 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவத்தில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். ஒரு லிட்டருக்கு மேல் பிடித்த பை, கிட்டத்தட்ட 100–150 மில்லிக்கு இறங்கிவிடும். டீக்கடை கிளாஸ் ஒன்று, ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று 'பைபாஸ்'. இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையைத் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள். பெரிய இரைப்பையும் குடலின் முதல் பகுதியும் உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியே போகாது. ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் கூட வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் அண்ணாவுக்கு பைபாஸ்.

இந்த யோசனை வந்த விதம் சுவாரசியமானது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர், அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்த நோயாளிகள் எடை குறைந்துபோவதைக் கவனித்தார். பக்கவிளைவாக இருந்ததையே சிகிச்சையாக்கினால் என்ன என்று 1966-ல் முதல் பைபாஸைச் செய்தார். நம் ஊரில் இந்தப் பேச்சு பரவலானது நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜெட்லி 2014-லும் இதைச் செய்துகொண்ட பிறகுதான். இரண்டு பேருக்கும் சர்க்கரை நோய் இருந்தது. அழகுக்காகச் செய்யும் ஆபரேஷன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் சென்னையில் இந்த அறுவைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்து, அரசு விசாரணை நடந்ததும் நமக்கு நினைவிருக்கும். ஆக, ரீல்ஸில் வரும் 'முன்–பின்' போட்டோவைப் பார்த்து முடிவெடுக்கிற விஷயம் கிடையாது. அதே சமயம், 1987-ல் தொடங்கி ஆயிரக்கணக்கானோரை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வீடன் ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களில் மரண விகிதம் குறைவு என்று காட்டியது. உண்மையாகவே தேவைப்படுகிறவருக்கு இது உயிர் காக்கும் சிகிச்சை.

இனி தேன் விஷயம். சாதாரணமாக இரைப்பை ஒரு ஸ்டோரேஜ் டேங்க். அதன் அடியில் ஒரு வால்வு இருக்கிறது. கூழாக்கிய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடுவது அதன் வேலை. பைபாஸில் அந்த வால்வே ரூட்டில் இல்லை. தேன் கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரைதான்; நேச்சுரலா என்று குடலுக்குத் தெரியாது. அடர்த்தியான சர்க்கரைக் கரைசல் ஒரே மொத்தமாகச் சிறுகுடலில் கொட்டும்போது, ஆஸ்மாசிஸ் விதிப்படி ரத்தத்தில் இருக்கிற தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. குடல் உப்புகிறது, ரத்த அளவு குறைகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. இதெல்லாம் சாப்பிட்ட அரை மணிக்குள். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும். வேகமாக ஏறிய சர்க்கரையைப் பார்த்து உடம்பு இன்சுலினை அதிகமாக விட்டு, சர்க்கரை தடாலென்று இறங்கி, கை நடுங்கி மயக்கம் வரும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் 'ஓவர்ஷூட்' என்று வரைந்தோமே, அதே கிராஃப்.

மதியம் சாப்பாட்டுக் கதை வேறு. ஜவ்வாது மலையில் சாமைதான் பிரதான விளைச்சல். மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிடுவது. நாங்கள் சாப்பிட்ட வீட்டுக் கடையில் சாமைச் சோறும் சாம்பாரும் போட்டார்கள். அண்ணா நாலு கரண்டிகூட இல்லாமல் கால் தட்டு வாங்கி, அதையும் அரை மணி நேரம் மென்றுகொண்டிருந்தார். கடைக்கார அம்மா, "என்ன தம்பி, சோறு புடிக்கலையா? ஆம்பளப் புள்ள இவ்ளோதான் சாப்பிடுமா?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். "நல்லா இருக்கும்மா, வயிறு சின்னது" என்றார் அண்ணா. ஒரு நாளைக்கு இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்வார் என்று அப்போதுதான் யோசித்தேன்.

சாமை நல்ல சிறுதானியம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் "இனிமே சிறுதானியம் மட்டும் சாப்பிடு, போதும்" என்று இவர்களிடம் சொல்கிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அறுவைக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். இல்லையென்றால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். 100 கிராம் சாமை அரிசியில் ஏறக்குறைய 10 கிராம் புரதம். 60 கிராமுக்கு 600 கிராம் அரிசி. வேக வைத்தால் தண்ணீர் குடித்து மூன்று மடங்கு என்று வைத்தாலும் 1.8 கிலோ சோறு. டீ கிளாஸ் வயிற்றில் இது நடக்கிற காரியமா? ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், கையளவு இடம்கூட இல்லை. அதனால்தான் தட்டில் முதலில் முட்டை, மீன், கோழி, பனீர், பருப்பு, சுண்டல் இதில் ஏதாவது ஒன்று, பிறகு காய், இடம் மிச்சம் இருந்தால் சோறு. நம்ம வீட்டு வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். சோற்றைக் குவித்து ஓரத்தில் பொரியல் வைக்கிற ஹாஸ்டல் மெஸ்ஸில் இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. அண்ணா ஒரு டப்பாவில் அவித்த முட்டையைத் தூக்கிக்கொண்டே திரிவதன் ரகசியம் இதுதான். கிண்டல் பண்ணிய லிஸ்டில் நானும் உண்டு.

இந்த நிலைக்கு வரவே அவருக்கு இரண்டு மாசத்துக்கு மேல் ஆனதாம். முதலில் தெளிந்த நீராகாரம், அப்புறம் மோர், பால், கஞ்சி, பிறகு மசித்த உணவு, பிறகு குழைந்த இட்லி மாதிரி மெத்தென்றவை. ஒவ்வொரு படியும் டாக்டரும் டயட்டீஷியனும் சொல்லும் நாளில்தான். உள்ளே தையல் ஆறிக்கொண்டிருக்கும்போது அவசரப்பட்டால் விளைவு விபரீதம்.

தண்ணீர் இன்னொரு தலைவலி. சோற்றோடு தண்ணீர் குடித்தால் சின்னப் பை நிரம்பி உணவுக்கு இடம் போய்விடும், அல்லது உணவை அடித்துக்கொண்டு வேகமாக இறக்கிவிடும். அதனால் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். ஆனாலும் நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். மடக்குக்கு 15 மில்லி என்றால் 100 மடக்கு! மடமடவென்று குடிக்கவும் முடியாது. க்ளாஸில் அண்ணா நிமிஷத்துக்கு ஒருமுறை பாட்டிலைத் தூக்குவதைப் பார்த்து ஒரு ஸ்டாஃப் கடுப்பானார். அறுவைக்குப் பிறகு பலர் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு ஒரு முக்கியக் காரணமே உடம்பில் நீர் வற்றுவதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நான் படித்ததில் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது வைட்டமின் கதை. பி12 உடம்பில் சேர, இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தின் துணை வேண்டும். இரைப்பையை வெட்டினால் அல்லது ரூட் மாற்றினால் அந்தத் துணை குறைகிறது. கல்லீரலில் இருப்பு சில வருஷத்துக்குத் தாங்கும். சிக்கலே அங்கேதான். ஆபரேஷன் ஆன முதல் வருஷம் மாத்திரையை விட்டாலும் பலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றும். இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கால் மரத்துப்போகும், நடை தடுமாறும், ஞாபகம் மங்கும். தாமதமாகக் கண்டுபிடித்தால் நரம்புச் சேதம் முழுக்கத் திரும்பாமலும் போகலாம். பி1 எனும் தயமின் இதற்கு நேர் எதிர். அதன் இருப்பு சில வாரங்களுக்குத்தான். விடாமல் வாந்தி எடுக்கிறவருக்கு அது தீர்ந்தால் மூளையே பாதிக்கப்படும். ஆகவே தொடர் வாந்தியை "பழகிடும்" என்று விடக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி. இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் இதே பட்டியலில் வரும். மாத்திரை வாழ்நாள் முழுக்க. ரத்தப் பரிசோதனை முதல் வருஷம் சில முறை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறையாவது. கேம்பஸ் பிளேஸ்மென்ட் கிடைத்து ஊர் மாறுகிற வயசில்தான் இது கைவிட்டுப் போகும் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய டாக்டர் ஒரு ஊரில், புது ஆபீஸ் ஒரு ஊரில், உடம்போ நன்றாக இருக்கிற மாதிரி காட்டிக்கொண்டிருக்கும்.

தலைவலிக்கு ஃப்ரெண்ட் கொடுக்கிற மாத்திரையும் ஆபத்து. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் பைபாஸ் இணைப்பில் புண் உண்டாக்கலாம். அப்புறம், மது. ஃபேர்வெல் பார்ட்டி நினைப்பில் இருப்பவர்கள் கவனிக்க: இந்த அறுவைக்குப் பிறகு மது ரத்தத்தில் சீக்கிரமும் அதிகமாகவும் ஏறும். சாப்பாட்டில் கிடைத்துக்கொண்டிருந்த ஆறுதல் போனபின் மதுவுக்கு அடிமையாகிறவர்களும் இருக்கிறார்கள். "ஒரு ரவுண்டு என்ன பண்ணும்" என்பது தேன் ஸ்பூனைவிட மோசமான உபசாரம்.

உடம்பு கணக்கு இவ்வளவு. மனசு கணக்கை அண்ணாவே சொன்னார், பஸ் இறங்கி வரும்போது. மூணாம் மாசத்தில் இருந்து தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வேகமாக எடை குறையும்போது நடப்பதுதான், சில மாசத்தில் திரும்ப வளரும் என்று டாக்டர் சொல்லியும் சீப்பைப் பார்க்கவே பயம். ஊரில் ஒரு சொந்தக்காரர் அம்மாவிடம் தனியாக, "புள்ளைக்கு ஏதாச்சும் பெரிய வியாதியா?" என்று கேட்டிருக்கிறார். முதல் மாசத்தில் தினம் இறங்கிய எடை சட்டென்று ரெண்டு வாரம் அசையாமல் நின்றபோது ஆபரேஷனே தோற்றுவிட்டது என்று அழுதாராம். அப்படி நிற்பது சகஜம் என்று பிறகுதான் தெரிந்தது. கையிலும் வயிற்றிலும் தோல் தொங்குவதால் ட்ரிப்பில் அருவிக்கு வரவில்லை. காலேஜில் தெரியாதவர்களும் இப்போது சிரித்துப் பேசுகிறார்களாம். "அப்ப முன்னாடி இருந்த என்னை யாருக்கும் புடிக்கலையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

"சீக்கிரமா வழி கண்டுபிடிச்சுட்டே" என்று சொல்லும் ஆட்களிடம்தான் அவருக்கு அதிகக் கோபம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. அறுவைக்குப் பிறகு முதல் சில மாசம் பசி அடங்கிக் கிடக்கும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் அது மெல்லத் தலைதூக்கும். கொஞ்சம் எடை திரும்ப ஏறுவதும் உண்டு. அப்போது கையில் இருப்பது முதல் வருஷத்தில் பழகிய பழக்கங்கள் மட்டும்தான்: புரதம் முதலில், மெதுவாக மெல்வது, நடை, மாத்திரை. அண்ணா தினமும் காலையில் கிரவுண்டில் எட்டு ரவுண்டு நடக்கிறார். குறுக்கு வழியில் போகிறவர் செய்கிற வேலையா இது?

இந்த வருஷமும் காவலூர் ட்ரிப் போனோம். அவர் பாஸ் அவுட் ஆகிவிட்டார், ஆனாலும் பெங்களூருவில் இருந்து நேராக வந்து சேர்ந்துகொண்டார். அதே கடையில் அதே அம்மா. நாங்கள் முன்கூட்டியே போன் பண்ணி, ரெண்டு முட்டையும் கொள்ளுச் சுண்டலும் சொல்லி வைத்திருந்தோம். அம்மா தட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சின்ன வயித்துக்காரர் தம்பி நீதானே?" என்று சிரித்து, ஒரு கரண்டி சாமைச் சோறு மட்டும் வைத்தார். தேன் கடைப்பக்கம் போனபோது அண்ணா ஒரு பாட்டில் வாங்கினார், அவங்க அம்மாவுக்கு. மூடியைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.