குப்பனூரில் போர் போடப் போகிறீர்களா?

சேலத்திலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காடு ஏறும் சாலையின் அடிவாரத்தில் இருக்கிறது குப்பனூர். நாம் துளைப்பது தண்ணீருக்காகத்தான்; இங்கே எத்தனை ஆழம் துளைத்தாலும் எண்ணெய் வராது. சேர்வராயன் மலையும் அடிவாரமும் பெரும்பாலும் சார்னோகைட், பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. எண்ணெய் தேடுகிறவர்கள் வண்டல் படிந்து உண்டான பாறையைத்தான் நாடுவார்கள். அதற்குக் காவிரிப் படுகையில் நரிமணம் பக்கம் போக வேண்டும். ஆனால் எண்ணெய்க் கிணற்றுக்காரர்களிடம் இருக்கும் ஒரு பழக்கத்தை நாம் கடன் வாங்கலாம். துளைப்பதை அடிக்கு அடி எழுதி வைப்பார்கள். நாம் ரிக் வண்டி கிளம்பியதும் பில்லை மட்டும் பத்திரப்படுத்துகிறோம்.

முதல் வேலை இடம் பார்ப்பது. தேங்காயும் வேப்பங்குச்சியும் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் வருவதற்கு முன்னால் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு ஒரு நடை போய் வாருங்கள். எத்தனை அடியில் கேப் (தண்ணீர் வரும் வெடிப்பு) கிடைத்தது, கேசிங் குழாய் எத்தனை அடி இறங்கியது, சித்திரையில் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள். பிறகு மின்தடை அளக்கும் கருவியோடு வரும் நிலவியலாளரைக் கூப்பிடலாம். நான்கு கம்பிகளை மண்ணில் அடித்து மின்சாரம் விட்டுப் பார்ப்பார். ஈரமுள்ள சிதைந்த பாறையில் மின்சாரம் எளிதாக ஓடும், இறுகிய பாறையில் தடைபடும். இந்த உத்தியை வளர்த்தவர்கள் பிரான்சின் ஷ்லும்பெர்ஜே சகோதரர்கள். 1927இல் பெஷெல்பிரான் என்ற ஊரில் எண்ணெய்க் கிணற்றுக்குள்ளேயே அந்த அளவியை இறக்கினார்கள். எண்ணெய்த் தொழிலில் கிணற்றை மின்முறையில் அளந்து பதியும் வழக்கம் அங்கிருந்துதான் பரவியது. நம் தோட்டத்தில் இந்தக் கருவி சிதைந்த பாறை எவ்வளவு கனம் என்பதை ஓரளவு நன்றாகவே சொல்லும். ஆழத்தில் இருக்கும் மெல்லிய வெடிப்பைத் தவற விடலாம். எத்தனை இஞ்ச் தண்ணி என்று அது சொல்லாது; யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது அனுமதி. உச்ச நீதிமன்றம் 2010இல் தந்த நெறிமுறைப்படி, துளைப்பதற்கு 15 நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

பிறகு ரேட். பெரும்பாலும் திருச்செங்கோட்டு வண்டிதான் வரும். ஆழம் கூடக்கூட அடிக்கு ரேட்டும் ஏறும் என்பதால் எந்த அடியிலிருந்து எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கேசிங் தனிக் கணக்கு. பாறையை உடைக்கும் ஹேமர் உள்ளே மாட்டிக்கொண்டால் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

வண்டி நிற்க சமதளம் வேண்டும், தலைக்கு மேல் மின்கம்பி கூடாது. முதலில் மண்ணையும் சிதைந்த பாறையையும் கடந்து கேசிங் இறங்கும். இங்கே மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். குழாயின் அடி கெட்டிப் பாறையில் உட்கார வேண்டும். மேலேயே நின்றுவிட்டால் மண் சரிந்து ஒருநாள் மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது பாறையைத் துளைப்பது. நரிமணம் போன்ற இடங்களில் களிமண் கலந்த சேற்றைக் குழாய் வழியே உள்ளே செலுத்துவார்கள். அது துகளை மேலே கொண்டுவரும், சுவர் சரியாமல் தாங்கும், வாயு பீறிடாமல் அழுத்திப் பிடிக்கும். எடை கூட்ட பாரைட் தூளும் சேர்ப்பார்கள். நம் பாறை தானாகவே நிற்கும். சேறு விட்டால் தண்ணீர் வரும் வெடிப்பையும் அடைத்துவிடும். அதனால் கம்ப்ரசர் காற்றே போதும்: அதே காற்று அடியில் ஹேமரை அடிக்க வைத்து, துகளையும் மேலே ஊதித் தள்ளுகிறது.

இனி நோட்டை எடுங்கள். துளைக்கும் குழாயான ராடு ஒன்று எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு ராடுக்கும் ஒரு வரி எழுதுங்கள். இறங்க எத்தனை நிமிடம், துகள் என்ன நிறம், புகையா (உலர்ந்த தூளா) ஈரமா தண்ணியா என்று குறித்தால் போதும். துகளில் ஒரு கைப்பிடியை வரிசையாகத் தரையில் குவித்து வையுங்கள். எண்ணெய்க் கிணற்றருகே நிலவியலாளர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். நீலம் கலந்த சாம்பல் நிறத் துகள் வந்து, ராடும் மெதுவாக இறங்கினால் கெட்டிப் பாறை. திடீரென்று ராடு சரசரவென்று இறங்கி, துகளில் துருப்பிடித்த பழுப்பு தெரிந்தால் வெடிப்பு. அந்த அடியைக் கோடிட்டு வையுங்கள், மோட்டாரை எங்கே தொங்கவிடுவது என்று முடிவு செய்ய அது உதவும். தண்ணி பீறிடும்போது மயங்க வேண்டாம். தேங்கியிருந்ததையும் சேர்த்தே காற்று தள்ளுகிறது. கொஞ்ச நேரம் ஊதவிட்டு, வாய்க்கால் வெட்டி, டிரம் நிரம்பும் நேரத்தை அளந்து பாருங்கள்.

எப்போது நிறுத்துவது? "இன்னும் நூறு அடி போனா அடிச்சிரும்ங்க" என்று ஒரு குரல் கட்டாயம் கேட்கும். நோட்டைப் பாருங்கள். கடைசிப் பத்து ராடும் ஒரே நேரம், ஒரே நிறம், ஒரே புகை என்றால் நான் நிறுத்தச் சொல்வேன். ஆழம் போகப்போகப் பாறையின் பாரம் வெடிப்புகளை நெருக்கிவிடும். ரேட்டும் அங்கேதான் உச்சத்தில் இருக்கும்.

தண்ணி வந்தால் கேசிங்கைச் சுற்றி சிமெண்ட் மேடை கட்டி, வாயை இரும்புத் தகடு வைத்து மூடுங்கள். தண்ணி வராமல் புகைந்து போன குழியில் சாக்கைச் சொருகிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை விழுந்தபோது, பக்கத்தில் மீட்புக் குழி தோண்டப் பெரிய இயந்திரங்கள் வந்தும் பாறை வழிவிடவில்லை. குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. களிமண், மணல், கல், துளைத்த துகள் எதுவானாலும் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்புங்கள். அதை வண்டி கிளம்பும் முன்பே, ஆட்கள் இருக்கும்போதே செய்து முடியுங்கள்.